இன்னொரு கிட்வாய்

தில்லி கிட்வாய் நகர் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கியது. 1949ல் இரவு விமானத் தபாலைக் கொண்டுவந்தவர் அவர். சென்னைக் கடிதங்கள் நாக்பூரில் விமானம் மாறி ஒரே இரவில் தில்லி வந்தன.

தகவல் தொடர்பில் தில்லி நினைக்க வேண்டிய இன்னொரு கிட்வாயும் உண்டு. ஜாமியா மிலியா இஸ்லாமியா துணைவேந்தராக இருந்த அன்வர் ஜமால் கிட்வாய், 1982ல் அங்கு மக்கள் தொடர்பியல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். கூடவே, சரியான ஆளையும் பிடித்தார்: கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கல்விக்கு வித்திட்ட ஆவணப்பட இயக்குநர் ஜேம்ஸ் பெவரிட்ஜ். 1950களில் பம்பாயில் பர்மா ஷெல் படப் பிரிவை நடத்திய பெவரிட்ஜுக்கு இந்தியா புதிதல்ல.

மையம் இன்று கிட்வாய் பெயரில் இயங்குகிறது. புகைப்படத்துக்கும் காட்சித் தொடர்புக்கும் தனிப் பட்டயப் படிப்பே இருக்கிறது. 2007ல் இங்கு படிப்பை முடித்த டேனிஷ் சித்திக்கி, ரோஹிங்கியா அகதிகளைப் படமெடுத்த ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக 2018ல் புலிட்சர் பரிசு பெற்றார். 2021ல் கொரோனாவின் கொடுமையை, தில்லியில் எரிந்த சிதைகளை, உலகுக்குக் காட்டினார். அந்த ஜூலை 16ல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். ஜாமியா இடுகாட்டிலேயே அடக்கம். அடுத்த ஆண்டு, அவர் இல்லாமலே, இரண்டாவது புலிட்சர்.

கிட்வாய் போன்றவர்கள் மாணவர் கையில் காமிராவைக் கொடுத்தார்கள். சம்பவத்துக்கு அருகில் போகும் துணிச்சல் அதனால் வந்தது. உயிரோடு திரும்பும் வழியையும் பாடமாக்குவது, அவர்கள் நாற்காலியில் இன்று இருப்பவர்களின் பொறுப்பு.