மாமூல்



'மாமூல்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் வாசகர்களுள் பலர் முகம் சுளிக்கக்கூடும். மேசைக்கு அடியில் கைமாறும் பணத்தைக் குறிப்பதற்கே நம் நாட்டில் அச்சொல் பெரிதும் பயன்பட்டு வருகிறது. ஆயினும் அரபு மொழியினின்று வந்த அச்சொல்லுக்கு, 'செய்யப்பட்டது', 'வழக்கமானது' என்பனவே பழைய பொருள்கள். லெபனான், சிரியா, பாலஸ்தீனம் ஆகிய இடங்களில் இதே பெயரில் ஒரு பலகாரம் உண்டு. ரவை மாவினுள் அக்ரூட், பிஸ்தா அல்லது பேரீச்சம்பழம் பொதிந்து அடுப்பில் சுட்டெடுப்பர். கிறிஸ்தவர்கள் பாஸ்கா விழாவுக்கும், இஸ்லாமியர் தம் பெருநாள்களுக்கும் இதனைச் செய்து அண்டை வீட்டாருக்கு வழங்குவர். தவக்காலத்தில் நெய்யையும் வெண்ணெயையும் விலக்கி நோன்பு காப்பது கீழைத் திருச்சபைகளின் மரபு. ஆதலால் நெய் மணக்கும் இப்பலகாரமே அவர்களுக்கு உயிர்ப்பின் அறிவிப்பாகிறது.

இதனை நாம் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பாஸ்காவுக்கு அடுத்த வாரம் வீடு மந்திரிக்கச் சென்றபோது, நம் பங்கு இல்லம் ஒன்றில் நேரிலேயே கண்டோம். அவ்வீட்டுத் தாய் 12 ஆண்டுகள் பெய்ரூட் நகரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பணிபுரிந்து அண்மையில் திரும்பியவர். புறப்பட்ட நாளில் மகளுக்கு வயது 5, இன்று 17. பாட்டியின் கையில் வளர்ந்தவள் அவள். மாதந்தோறும் பணம் தவறாமல் வந்தது. பள்ளிக் கட்டணம் ஒருமுறையும் நின்றதில்லை. எனினும் 'அம்மா' என்றழைக்க அவள் நாவுக்கு இன்னும் கூச்சம்.

தாய் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அக்ரூட்டுக்குப் பதில் முந்திரியும் வறுத்த வேர்க்கடலையும்; ஆரஞ்சுப்பூ நீருக்குப் பதில் சிறிது பன்னீர். மர அச்சு இல்லாததால் முள்கரண்டியால் கோடிட்டார். மின்னடுப்பும் இல்லை; அடிகனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடித் தட்டின்மேல் தணல் இட்டிருந்தார். மகள் குறிப்பேட்டுடன் அருகில் நின்றாள்.

"ரவை எத்தனை கிராம்? நெய் எவ்வளவு?"

"அளவெல்லாம் தெரியாதும்மா. கண் பார்த்துப் போடுறதுதான்."

முதல் தட்டுப் பலகாரம் வெடித்து உதிர்ந்தது. மகள் குறிப்பேட்டை மூடினாள். "அளவுகூடத் தெரியாம 12 வருஷம் அங்க என்ன கத்துக்கிட்டு வந்தீங்க?" என்றாள். அக்கேள்வி பலகாரத்தைப் பற்றியதன்று என்பது எல்லாருக்கும் புரிந்தது. நாமோ குருமடப் பழக்கத்தால், "அளவை எழுதி வைப்பது நல்லதுதானே" என்று மகளுக்குத் துணை நின்றோம். அது நம் பிழை.

தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அவங்க பாஷை தெரியாது சாமி. அந்த வீட்டுப் பாட்டியம்மா என் கையைப் பிடிச்சு மாவுக்குள்ள வச்சாங்க. அப்படித்தான் தெரியும்" என்று கூறி, மகளை நோக்கிக் கையை நீட்டினார். மகள் தயங்கினாள், பின்னர் தந்தாள். இருவர் கையும் ஒரே மாவில் இறங்கின.

அளவு பிழைப்பதற்குக் காரணம் உண்டு. ரவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் நீரை உறிஞ்சும். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நீர் உண்டு. உருக்கிய நெய்யில் அது இல்லை. எனவே மூன்று பங்கு ரவைக்கு ஒரு பங்கினும் சற்று மிகுதியாக நெய் சேர்த்து, பிசறி, ஓரிரவு மூடி வைக்க வேண்டும். மறுநாள் பன்னீரைச் சிறிது சிறிதாகத் தெளிக்க வேண்டும். எங்கே நிறுத்துவதென்பதைக் கைதான் சொல்லும். எலுமிச்சை அளவு உருட்டி, விரலால் குழித்து, பருப்பும் சர்க்கரையும் நிரப்பி மூடுக. மேற்புறம் வெளிறியிருக்க, அடிப்புறம் பொன்னிறமானதும் எடுத்து, பொடித்த சர்க்கரை தூவுக.

அன்று இரண்டாம் தட்டு உதிரவில்லை. மகள் மீண்டும் குறிப்பேட்டைத் திறந்தாள். எண் எதுவும் எழுதவில்லை. 'பிடித்தால் நிற்க வேண்டும், விட்டால் உதிரக்கூடாது' என்று எழுதினாள். "இன்னும் ரெண்டு சொட்டு ஊத்தவாம்மா?" என்று கேட்டாள். தாய் நம் பக்கம் திரும்பாமல் தலையை மட்டும் அசைத்தார்.

அந்த லெபனான் நாட்டுக் கடற்கரையில்தான் பண்டைச் சாரிபாத்து ஊரும் இருந்தது. தன் மகனுக்கும் தனக்கும் கடைசி உணவு சமைக்க விறகு பொறுக்கிய ஏழைக் கைம்பெண்ணிடம், இறைவாக்கினர் எலியா அப்பம் கேட்ட ஊர் அது. அவளிடம் இருந்தது ஒரு கைப்பிடி மாவு. அன்றும் அளவு கைதான்.

பிள்ளைகளுக்காகக் கடல் கடந்து உழைப்போர் நம் பங்குகளில் பலர் உள்ளனர். அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணிவிடலாம். இழந்த ஆண்டுகளை எண்ணி ஈடுகட்ட இயலாது. அவர்கள் திரும்பி வரும்போது, பெட்டியில் என்ன உள்ளது என்று முதலில் கேளாதீர்கள். ஒருநாள் அடுக்களையில் அவர்களோடு அமர்ந்து, ஒரே மாவில் கை வையுங்கள். முதல் தட்டு உதிர்ந்தால் உதிரட்டும், அதையும் தின்னலாம். நாமும் அன்று தின்றோம், சுவையாகவே இருந்தது.