கேட்கிறது, விளங்கவில்லை

மன்னாரின் கொண்டச்சிக் குடாவில் ஒரு காலத்தில் கல்லின் பாரத்தில் முத்துக்குளிக்க இறங்கியவர்களை நீரின் அழுத்தம் முதலில் தாக்கியது காதில்தான். முத்துச்சலாபம் ஓய்ந்து நெடுநாளாகிவிட்டது. கடலட்டைக்கு மூழ்குவோர் இன்றும் மன்னார்க் கடலில் உண்டு.

கடலிலோ வேறு காரணத்தாலோ வளர்ந்தபின் செவிப்புலன் இழந்தவருக்கு, உட்செவியில் மின்வாய்களைச் செலுத்தும் கொக்லியர் கருவியைப் பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டார் நம்புகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. உட்செவியில் ஏறத்தாழ 3,500 உள்மயிர்க்கலங்கள் செய்த வேலையை அதிகம் போனால் இருபது சொச்சம் மின்வாய்கள் ஏற்கின்றன. சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களில் கருவியை முதன்முதலாக இயக்கும்போது, மனைவியின் குரல் தகரத்தில் உரசுவதுபோல ஒலிக்கலாம். சுற்றி நிற்பவர்கள் கண்கலங்கி "கேக்குதா?" என்பார்கள். கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கான பயிற்சி கிடக்கிறது, ஏமாற்றமும் கிடக்கிறது.

1978இல் மெல்பேணில் மருத்துவர் கிரேம் கிளார்க் பலமுனைக் கொக்லியர் கருவி பொருத்திய ரொட் சோண்டர்ஸ், கார் விபத்தில் செவிப்புலனை இழந்தவர். பழைய ஒலிகளின் நினைவு அவரிடம் இருந்தது. நாட்டுப்பண் இசைத்ததும் எழுந்து நின்றார். பிறவியிலேயே கேளாமல் சைகையில் வளர்ந்தவருக்கு அந்த நினைவு கிடையாது. இருவரையும் ஒரே கோலால் அளப்பது கொடுமை.

இரவில் காதுக்கு வெளியே அணியும் பகுதியைக் கழற்றினால் மீண்டும் பழைய அமைதி. சிலருக்கு அது ஆறுதல். அதற்காக அவர்களைக் கோபிக்க வேண்டாம், சைகையை விடச் சொல்லவும் வேண்டாம். கருவியைத் திருத்த நகரத்துக்கு அலையும் பயணச்செலவைக் கணக்கிடுகிறோம். பக்கத்தில் அமர்ந்து பேச ஓர் உளவளத்துணையாளரையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.