டியூப் லைட் வெளிச்சமும் சாம்பல் பூத்த முகங்களும்

புடவை எடுக்கப் போகும் அம்மாக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்குள் நூறு லைட் எரிந்தாலும், பிடித்த புடவையை வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து, வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் "பில் போடுங்க" என்பார்கள். கடைப் பையன் சலித்துக்கொண்டாலும் விடமாட்டார்கள். கடை வெளிச்சத்தில் பார்த்த கலர் வேறு, வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்கும் கலர் வேறு என்பது அவர்கள் பலமுறை பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

அதே அம்மாக்களின் பிள்ளைகள்தான் புதுச்சேரியில் குறும்படம் எடுக்கிறார்கள். கேமராவை வாடகைக்கு எடுக்கிறார்கள், லென்ஸுக்காக நாலு பேரிடம் கெஞ்சுகிறார்கள். லைட் என்று வரும்போது மட்டும் பக்கத்து எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய், "இருக்கறதுலயே பிரைட்டா நாலு டியூப் குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கி வந்து பட்டியில் மாட்டிவிடுகிறார்கள். படம் வெளியே வரும்போது வெளிச்சம் அமர்க்களமாக இருக்கிறது. ஆனால் ஹீரோயின் நெற்றியில் இருக்கும் குங்குமம் செங்கல் பொடி மாதிரி தெரிகிறது. ஹீரோ முகத்தில் யாரோ திருநீற்றைக் கரைத்துப் பூசியது போல ஒரு சாம்பல் பூச்சு. மேக்கப்பைத் திட்டுகிறார்கள், கேமராவைத் திட்டுகிறார்கள். டியூப் லைட்டை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

சொல்ல வருவது இவ்வளவுதான்: படம் எடுக்க லைட் வாங்கும்போது நிறம்தான் முதலில். வெளிச்சம் அதற்கு அப்புறம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இதில் புதுச்சேரிக்கு ஒரு தனிக் கதை உண்டு. மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் வீடுகளுக்கு எல்.ஈ.டி. பல்பு கொடுக்கும் திட்டத்தை நாட்டிலேயே முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் இந்த ஊர் ஒன்று. 2014ல் பழைய குண்டு பல்பைக் கொடுத்து, கூட 10 ரூபாயும் கொடுத்தால் 7 வாட் எல்.ஈ.டி. பல்பு கிடைத்தது. 2015 ஜனவரியில் அந்தத் திட்டம் நாடு முழுக்கப் போனது. அரசின் கொள்முதல் விலையைப் பாருங்கள். 2014ல் ஒரு பல்பு சுமார் 310 ரூபாய். இரண்டு மூன்று வருடங்களில் அது 40 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. மொத்தமாக வாங்கினால் விலை எப்படி விழும் என்பதற்குக் காமர்ஸ் வகுப்பில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கரண்ட் பில்லுக்கு அது நல்ல காரியம்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் திருப்பிக் கொடுத்த அந்தக் குண்டு பல்பு ஒரு விஷயத்தில் ராஜா. சூடேறிய கம்பியிலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் அதில் நீலத்திலிருந்து சிவப்பு வரை எல்லா நிறமும் இடைவெளி இல்லாமல் இருக்கும். நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கு 100 மார்க் என்றால் அதற்குக் கிட்டத்தட்ட 100. கரண்ட்டைக் குடித்துச் சூட்டைக் கக்கியது, அதனால் வீட்டை விட்டுப் போனது. கூடவே நல்ல சிவப்பும் போய்விட்டது.

எல்.ஈ.டி. எப்படி வெள்ளை வெளிச்சம் தருகிறது? உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சில்லு தருவது நீல வெளிச்சம். (அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசு.) அதன் மேல் பாஸ்பர் என்ற மஞ்சள் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறும். நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்குள் பச்சையும் மஞ்சளும் தாராளமாக இருக்கும், அடர் சிவப்பு மட்டும் கஞ்சத்தனமாக இருக்கும். வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைக் குங்குமம் எப்படித் திருப்பிக் கொடுக்கும்?

டப்பாவில்தான் சி.ஆர்.ஐ. 80க்கு மேல் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அங்கேதான் சூட்சுமம். சி.ஆர்.ஐ. என்பது ஒரு லைட் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். எட்டு மாதிரி நிறங்களை வைத்து சராசரி எடுக்கிறார்கள். எட்டுமே வெளிறிய, மிதமான நிறங்கள். அடர் சிவப்பு ஒன்பதாவது மாதிரி, அதன் பெயர் ஆர்9. அது சராசரியில் சேராது! கல்லூரி பாஷையில் சொன்னால் எட்டு பேப்பரில் 80 சதவீதம், ஒன்பதாவது பேப்பரில் அரியர். ஆனால் அந்தப் பேப்பர் டோட்டலில் சேராது என்பதால் மார்க் ஷீட் பளபளக்கிறது. சி.ஆர்.ஐ. 80 போட்ட சாதாரண எல்.ஈ.டி.க்களில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி நிற்பது சகஜம். சிலவற்றில் மைனஸுக்கும் போகும்.

அதோடு சி.ஆர்.ஐ. மனிதக் கண்ணுக்காக உருவான கணக்கு. கேமரா நிறத்தைப் பார்க்கும் விதம் வேறு. அதனால்தான் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் சங்கம் 2012ல் டி.எல்.சி.ஐ. என்று கேமராவுக்கென்றே ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. அதில் 85க்கு மேல் வாங்கிய லைட் என்றால் பிறகு கலர் திருத்துபவர் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை என்பது அவர்கள் கணக்கு.

சரி, கம்பெனிக்காரர்கள் ஏன் சிவப்பைக் கூடச் சேர்ப்பதில்லை? அவர்களை வில்லனாக்க வேண்டாம். லூமன் என்ற அளவே மனிதக் கண்ணின் உணர்திறனை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கண் அதிகம் உணர்வது பச்சை மஞ்சள் பக்கத்தை. அடர் சிவப்பைக் குறைவாகத்தான் உணரும். ஆக அதே வாட்டில் சிவப்பைக் கூட்டினால் டப்பாவில் போடும் லூமன் குறையும். பக்கத்து ரேக்கில் இருக்கும் போட்டிக் கம்பெனி டியூப்பில் 2000 லூமன் என்றிருக்கும்போது, தன் டப்பாவில் 1600 என்று போட எந்த வியாபாரிக்கு மனசு வரும்? வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதைத்தான் சந்தை தரும். "பிரைட்டா குடுங்க" என்று கேட்கிறார்கள், பிரைட்டாகக் கிடைக்கிறது.

இதனால் அதிகம் அடிபடுவது நம்மூர் முகங்கள். மாநிறத் தோலின் உயிரே அதற்குள் இருக்கும் சிவப்பில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது சாம்பலும் பச்சையும். இது புதுக் கதையும் இல்லை. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஷெர்லி கார்டு என்று ஒன்றைக் கொடுத்து வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்த முகம் நன்றாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். கறுத்த முகங்கள் எப்படி வந்தன என்று பல வருடம் யாரும் கவலைப்படவில்லை. அது அடுத்தவன் வைத்த அளவுகோல். இன்று நம்மூர்ப் பிள்ளைகளே தங்கள் முகத்துக்குப் பொருந்தாத லைட்டைத் தேடிப் போய் வாங்குவதை என்னவென்று சொல்வது?

புதுச்சேரி தெருக்கள் வேறு இதில் கூடுதல் சோதனை வைக்கின்றன. பிரெஞ்சுப் பகுதியின் கடுகு மஞ்சள் சுவர்களுக்காகத்தான் எல்லோரும் அங்கே ஷூட்டிங் போகிறார்கள். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மஞ்சளை அப்பும். தெருவிளக்கு ஒரு நிறம். கையில் கொண்டுபோன டியூப் 6500 கெல்வின், நீலம் தட்டும். ஒரே முகத்தில் இடது கன்னம் மஞ்சள், வலது கன்னம் நீலம். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் இரண்டில் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். தமிழ்ப் பகுதியின் திண்ணை வைத்த வீடுகளுக்குள் போனால் வேறு பிரச்சினை. உள்ளே இருட்டு, முற்றத்தில் வெயில்.

டியூப் லைட்டே சினிமாவுக்கு ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. 1987ல் வெளியான 'பார்ஃப்ளை' என்ற ஹாலிவுட் படத்தில், பெரிய லைட்டுகள் நுழைய முடியாத இடுக்கான அறைகளுக்காக ஃப்ரீடர் ஹோக்ஹைம் என்ற லைட்டிங் கலைஞரும் அவர் கூட்டாளியும் சோக்கைத் தனியாகப் பிரித்து எடுத்து, வெறும் டியூப்பை மட்டும் சுவரில் ஒட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதுதான் கினோ ஃப்ளோ கம்பெனியின் தொடக்கம். பிறகு அவர்கள் வீட்டு டியூப்பை விட்டுவிட்டு, படத்துக்கென்றே நிறம் சரிசெய்த டியூப்களைத் தயாரித்தார்கள். இன்று ஆஸ்டெரா டைட்டன், நான்லைட் பாவோடியூப் என்று பேட்டரியில் எரியும் எல்.ஈ.டி. டியூப்கள் வந்துவிட்டன. டைட்டன் ஒன்றின் விலைக்கு ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம் என்பதால் மாணவர்கள் வாங்கச் சாத்தியமில்லை. வாடகைக்கு எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் சி.ஆர்.ஐ. 90 அல்லது 95 போட்ட சாதாரண நாலடி டியூப்களும் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

"வெளிச்சம் குறைந்தால் கிரெய்ன் வருமே" என்பது முதல் ஆட்சேபம். இன்றைய கேமராக்கள் குறைந்த வெளிச்சத்தை முன்பைவிட நன்றாகவே சமாளிக்கின்றன. தவிர, டியூப் நீளமான லைட். ஆறடி தூரத்தில் இருப்பதை மூன்றடிக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கூடும். எதிரே ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழலும் மென்மையாகும். சுப்ரதா மித்ரா 'அபராஜிதோ' (1956) படத்துக்காக பனாரஸ் வீட்டு செட்டில் மேலே வெள்ளைத் துணி கட்டி, அதில் லைட்டை அடித்துத் திருப்பித்தான் முற்றத்துப் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். வெளிச்சத்தின் அளவைக் கூட்ட வழிகள் இப்படி நிறைய உண்டு. இல்லாத சிவப்பைக் கொண்டுவர வழி இல்லை.

"கிரேடிங்கில் பார்த்துக்கலாம்" என்பது இரண்டாவது. மொத்தப் படமும் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் திருத்தலாம். ஆனால் குங்குமத்தின் சிவப்பும் மரக்கதவின் பழுப்பும் கேமராவுக்குள் ஒரே நிறமாக நுழைந்துவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் அவற்றைப் பிரித்துத் தராது. உப்பு போடாமல் சமைத்துவிட்டு இலையில் பார்த்துக்கலாம் என்றாலாவது இலையோரம் உப்பு இருக்கும். இங்கே அதுவும் கிடையாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கொஞ்சம் கனமானது. கதை நன்றாக இருந்தால் லைட்டை யார் பார்க்கிறார்கள்? 2015ல் வந்த 'டேன்ஜரின்' ஐபோனில் எடுத்த படம்தானே? உண்மை. ஆனால் அந்தப் படத்தில் பெரும் பங்கு வேலை செய்தது லாஸ் ஏஞ்சல்ஸ் வெயில். வெயிலைவிட நிறம் சரியான லைட் எதுவும் இல்லை, அதுவும் இலவசம். பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டதும் சும்மா இல்லை. கிழக்கே கடல் இருக்கும் ஊர் புதுச்சேரி. காலை ஆறரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் முகத்துக்கு நேரே வரும் வெளிச்சத்தை எந்த ஸ்டூடியோவும் தராது. பட்ஜெட் இல்லாதவர்கள் மட்டமான டியூப்பில் இரவுக் காட்சி எடுப்பதற்குப் பதில் காலையில் எழுந்துகொள்ளலாம். (கல்லூரி மாணவர்களுக்கு அது டைட்டனைவிடக் காஸ்ட்லி என்பது வேறு விஷயம் :-) )

இன்னொன்று, துடிப்பு. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான டியூப்கள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவில் கோடு கோடாக ஓடும். ஷட்டரை 1/50 அல்லது 1/100ல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வாங்கும்போதே மொபைலை ஸ்லோமோஷனில் வைத்து டியூப்பைப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மீடியா படிப்பு நடத்தும் கல்லூரிகள் இன்னொரு கேமரா வாங்கும் பணத்தில் நாலு நல்ல டியூப் வாங்கி வைக்கலாம். கேமரா சில வருடத்தில் பழசாகிவிடும். நல்ல லைட் அதைத் தாண்டியும் உழைக்கும், தேய்மானக் கணக்குப் போட்டாலே புரியும். கம்பெனிகள் டப்பாவில் லூமனுக்குப் பக்கத்தில் ஆர்9 மதிப்பெண்ணையும் அச்சடிக்கலாம். ஒரு வரிதான். அரியரை மறைக்காத மார்க் ஷீட் வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லையே.

மாணவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். ஒரு குங்குமச் சிமிழ், ஒரு தக்காளி, நண்பனின் கை. முதலில் வெயிலில் வைத்து ஒரு போட்டோ, பிறகு டியூப் அடியில் வைத்து ஒரு போட்டோ. இரண்டிலும் ஒயிட் பேலன்ஸை ஒரு வெள்ளைத் தாளை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். எந்த மீட்டரும் வேண்டாம்.

விஷயம் லேட்டாகப் புரிகிறவர்களை 'டியூப் லைட்' என்று கிண்டல் செய்த காலம் ஒன்று இருந்தது. இப்போதைய டியூப்கள் ஸ்விட்சைப் போட்டதும் எரிகின்றன. அவற்றின் நிறம் பற்றி மட்டும் இன்னும் பலருக்குப் பற்றிக்கொள்ளவில்லை. புடவைக்காக வாசல் வரை போகிறார்கள் அம்மாக்கள். தன் படத்தில் நடித்த நண்பனின் முகத்துக்காக அந்த நாலு அடி நடந்தால் என்ன?