டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள்!

போன கோடை விடுமுறையில் என் தம்பி குடும்பத்தோடு சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். காரை விட்டு இறங்கும்போதே பெரியவள், "அத்தை... தலை வலிக்குது" என்றாள். அடுத்த நிமிஷம் வாசலிலேயே வாந்தி. சின்னவனோ தூங்கி வழிந்துகொண்டிருந்தான். எழுப்பினால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டான்.

"வழியில போண்டா வாங்கிக் கொடுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன் அண்ணி! கேட்டாரா உங்க தம்பி?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள் அவன் மனைவி. கொரோனா சமயத்தில் வாங்கி வைத்திருந்த ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தோம். 98 காட்டியது. 'அப்பாடா, பயமில்லை' என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அதே காரில் தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக எங்கள் காரைப் பார்த்தார். பின்னால் இரண்டு சின்ன சைக்கிள்கள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, டிக்கிக் கதவை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தான் தம்பி.

"இப்படியேவா சென்னையிலிருந்து வந்தீங்க?"

"ஆமா டாக்டர். தூசி வரக் கூடாதுன்னு ஜன்னலை எல்லாம் மூடி ஏ.சி. போட்டுக்கிட்டுத்தான் வந்தோம்."

"பின் சீட்ல யாரு?"

"பசங்கதான்."

"போண்டாவைத் திட்டாதீங்கம்மா. இது கார் புகை!" என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. இரண்டு பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சின்னவன் எழுந்து, "என் சைக்கிள் எங்கே?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

இது எப்படி நடக்கிறது? கார் ஓடும்போது அதன் பின்புறம் காற்றழுத்தம் குறைகிறது. சைலன்சரிலிருந்து வரும் புகை அந்த இடத்திலேயே சுழல்கிறது. டிக்கி மூடியிருந்தால் அது அப்படியே கலைந்து போய்விடும். திறந்திருந்தால்? நேராகக் காருக்குள் வருகிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல், அசதி என்று வரும். ஆனால் காய்ச்சல் இருக்காது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுகிறவர்கள். அதனால் பெரியவர்களுக்கு முன்னால் அவர்களைத்தான் பிடிக்கும்.

இதில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டருக்கு ஆக்ஸிஜன் எது, கார்பன் மோனாக்ஸைடு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணி 98 என்று காட்டிவிடும். அந்த நம்பரை நம்பி நான் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தால்... நினைத்தாலே பதறுகிறது.

"எத்தனை பேர் டிக்கியைக் கட்டிக்கிட்டு ஃபிரிட்ஜும் மெத்தையும் கொண்டு போறாங்க. அவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. என் தம்பியே கேட்டான். பக்கத்துத் தெருவுக்குப் பத்து நிமிஷம் ஓட்டுவதும், பின் சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டுவதும் ஒன்றா? ஒன்பது தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது பத்தாவது தடவைக்கு உத்தரவாதம் ஆகுமா?

இன்னும் சிலர், "இதுக்குத்தான் சைக்கிளையே எடுத்துட்டுப் போகக் கூடாதுங்கறது" என்று ஒரேயடியாக முடித்துவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னையில் அவர்கள் இருக்கும் தெருவில் தண்ணீர் லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே பத்து வயசுப் பிள்ளை எங்கே சைக்கிள் ஓட்டும்? வருஷத்தில் கிடைக்கிற ஒரு மாச லீவிலாவது செல்போனைக் கீழே வைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க மிதிக்கட்டுமே! புதுச்சேரியில் வாடகை சைக்கிள் கிடைக்கிறது, நிஜம்தான். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு உயரம் சரியாக இருக்க வேண்டும். கால் தரையில் எட்டாத சைக்கிளை ஓட்ட விடுவது வேறொரு ஆபத்து.

ஆகவே, சைக்கிள் வரட்டும். ஒழுங்காக வரட்டும். அவ்வளவுதான் நான் சொல்வது.

சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் என்றால் காருக்குள் வைப்பதே நல்லது, டிக்கி முழுசாக மூடுவதாக இருந்தால்! முன் சக்கரத்தைக் கழற்றி, சீட்டைக் கீழே இறக்கி, ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டால் பாதி இடம் மிச்சம். பெடலும் இடித்தால் அதையும் கழற்றலாம். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ். மற்றதெல்லாம் கழலும் திசையில் திருப்பினால் அது இன்னும் இறுகும். தெரியாமல் மல்லுக்கட்டி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்து, பழைய பெட்ஷீட் ஒன்றைச் சுற்றிவிட்டால் கிரீஸ் கறை படாது.

உள்ளே வைத்தாலும் கட்ட வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி நின்றால், கட்டாத சைக்கிள் அதே 60-ல் முன்னால் பாயும். அது, நான்காவது மாடி மொட்டை மாடியிலிருந்து சைக்கிளைத் தலையில் போடுவதற்குச் சமம்! பின் சீட்டில் பாதியை மடக்கி, மீதிப் பாதியில் குழந்தையை உட்காரவைத்து, பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்து வைப்பது வேண்டவே வேண்டாம்.

உள்ளே இடம் இல்லையா? டிக்கிக் கதவின் வெளிப்புறம் பட்டை போட்டு மாட்டும் கேரியர் கிடைக்கிறது. உங்கள் காருக்குப் பொருந்துமா, எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். டிக்கி மூடியே இருப்பதால் புகைக் கவலை இல்லை. ஆனால் நம்பர் பிளேட்டையும் பின் விளக்குகளையும் சைக்கிள் மறைக்கக் கூடாது. அது சட்டப்படியும் தப்பு, பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் ஓரமாக நிறுத்திப் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

கூரை மேல் கேரியர்? பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் 15 கிலோ சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பது நாற்பதைத் தாண்டிய முதுகுக்கு நல்லதல்ல. தூக்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு பேராகத் தூக்குங்கள். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது காரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து அடித்தளப் பார்க்கிங்கில் நுழைந்தால் சைக்கிளும் போச்சு, கூரையும் போச்சு!

இதெல்லாம் சரிப்படாது என்றால் ரயிலில் பார்சலாகப் போட்டு அனுப்பலாம். ஒருநாள் தாமதமானால் என்ன, குடியா முழுகிப்போகும்?

ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். பயணத்தில் ஒரே காரில் வந்த இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் காரைச் சந்தேகியுங்கள். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் வெளியே இறக்கி நல்ல காற்றில் உட்கார வையுங்கள். பிறகு தாமதிக்காமல் டாக்டரிடம் போய், "டிக்கி திறந்திருந்தது" என்று சொல்லுங்கள். எங்கள் டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். எல்லா டாக்டருக்கும் உங்கள் கார் தெரியாது.

தம்பி ஊருக்குத் திரும்பும்போது ஒரு சைக்கிளைத்தான் எடுத்துப் போனான். சக்கரத்தைக் கழற்றி, டிக்கியை மூடி! இன்னொன்று எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. "அடுத்த லீவுக்கு இங்கேயே இருக்கட்டும் அத்தை" என்று பெரியவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு இருக்கிற புத்தி நமக்கும் இருந்தால் சரி!