மழை கழுவாத மேடுகள்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் மழை பிடித்ததும் ஒரு பேச்சும் கிளம்பும். “காத்து அடிக்கிற மாசத்துலதான் சயனைட் மலை ஆபத்து. மழை பெஞ்சா புழுதி அடங்கிடும், விஷமும் கழுவிக்கிட்டுப் போயிடும். இப்ப தாராளமா ஏறலாம்” என்பார்கள். நந்திதுர்க், மாரிக்குப்பம் பகுதிப் பிள்ளைகள் இதை நம்பி ஏறுகிறார்கள். ‘கே.ஜி.எஃப்’ படம் 2018இல் வெளிவந்த பிறகு, அந்த மேடுகளைத் திரையில் பார்த்தவர்களும் மேகமூட்டத்தில் படம் பிடித்துக்கொள்ள வெளியூரிலிருந்து வந்து ஏறுகிறார்கள். இந்த நம்பிக்கை முழுப் பிழை. அந்த மேடுகளில் கால் வைக்கவே கூடாத காலம் மழைக்காலம்தான்.

முதலில், அது மலையே அல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கால்பதித்த நாள் முதல் 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட நாள் வரை, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கி வெட்டிய பாறை அது. ஒரு டன் பாறையில் தங்கம் மிகச் சிறிதளவுதான். அதற்காகப் பாறையை மாவாக அரைத்து, சோடியம் சயனைடு கரைசலில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மாவு முழுவதையும் ஊருக்குப் பக்கத்திலேயே குவித்தார்கள். இன்று 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன். வேரோடிய பாறையும் மண்ணும் சேர்ந்து இறுகிய மலைக்கும் இந்த மாவுக் குவியலுக்கும் உயரத்தைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

“சயனைடு வெயிலிலேயே சிதைந்துபோயிருக்கும்” என்று படித்தவர்களே வாதாடுகிறார்கள். வெயிலும் காற்றும் சயனைடைப் பெருமளவு சிதைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அஞ்ச வேண்டியது அதற்கு மட்டுமா? நந்திதுர்க் சுரங்கத்தின் ஓரியன்டல் லோட் போன்ற தாதுப் படிவங்களில் கந்தகக் கனிமங்கள் மிகுதி. ஆர்சனிக் கலந்த கனிமமும் அவற்றில் உண்டு. அரைத்துப் போட்ட கந்தகக் கனிமத்தின்மேல் காற்றும் நீரும் சேர்ந்து பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் உலோகங்களைக் கரைத்து இழுத்துக்கொண்டு கீழே ஓடும். இந்த வேலைக்குத் தேவையான நீரைக் கொடுப்பதே மழை. கழுவிப் போகிறது என்கிறீர்களே, எங்கே போகிறது? அடிவாரத்து வாய்க்காலுக்கும் குட்டைக்கும் கிணற்றுக்கும்தான். மேட்டிலும் அது தீர்ந்துவிடுவதில்லை. நீர் அரித்த இடத்தில் புதிய அடுக்கு வெளிப்பட, அடுத்த மழை அதிலிருந்து தொடங்கும்.

புழுதி அடங்குவதும் தற்காலிகம். ஈரத்தில் அது சேறாகிச் செருப்பிலும் சட்டையிலும் ஒட்டி வீட்டுக்குள் வருகிறது. காய்ந்ததும் மறுபடி பொடியாகிறது. கூட்டும்போது எழும் அந்தப் பொடியைத் தரையில் தவழும் குழந்தைதான் முதலில் சுவாசிக்கிறது. சிலிக்கா தூசு நுரையீரலை என்ன செய்யும் என்று தங்கவயலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலிகோசிஸ் நோயில் மூச்சுக்குத் திணறிய தாத்தாக்களின் ஊர் இது. அவர்கள் பிழைப்புக்காக ஏற்ற தூசியைப் பேரப்பிள்ளைகள் ஒரு படத்துக்காக ஏற்க வேண்டுமா?

நெஞ்சைப் பதறவைப்பது சரிவின் நிலைதான். கோடையில் கெட்டியாகத் தெரியும் மேல்தோலுக்கு அடியில் மழைநீர் குடைந்து பள்ளம் பறித்திருக்கும். ஓர் ஆளின் எடைக்கே விளிம்பு உடைந்து விழலாம். நனைந்த நுண்பொடி தன் பிடிப்பை இழந்தால் திடப்பொருளாக இராது, குழம்பாக ஓடும். வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் 1966 அக்டோபர் 21 அன்று, மழையில் ஊறிய நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் இறங்கியது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்ப்ரைட்டில் 1994 பிப்ரவரி 22 இரவு, பெருமழைக்குப் பின் தங்கச் சுரங்கக் கழிவு அணை உடைந்து 17 பேரைக் கொன்றது. நம் மேடுகளும் நாளையே சரியும் என்று நான் சொல்லவில்லை. சுரங்கக் கழிவையும் மழையையும் சேர்த்து வைத்துக்கொண்டு “ஒன்றும் ஆகாது” என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை என்கிறேன்.

“சின்ன வயசுல நாங்க ஏறாத மழையா?” என்பது கடைசி வாதம். உலோக நஞ்சும் சிலிக்காவும் அன்றைக்கே கணக்குத் தீர்ப்பவை அல்ல. பல ஆண்டுகள் கழித்து வந்து நிற்பவை. அன்று ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

மழையில் மலை நடப்பது அருமையான அனுபவம். கோலாரின் அந்தரகங்கைக் குன்று அருகிலேயே இருக்கிறது. ஆனால் உண்மையான மலைக்கே மழையில் எச்சரிக்கை வேண்டும். 2021 ஆகஸ்டில் நந்தி மலையில் மண் சரிந்து சாலை துண்டிக்கப்பட்டு, மாதக்கணக்கில் பயணிகளுக்கு வழி அடைபட்டிருந்தது. கருங்கல் மலைக்கே அந்த நிலை என்றால், மாவு மேட்டுக்கு என்ன காவல் இருக்கிறது?

ஆகவே, மேடுகளைச் சுற்றி வேலி வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் எச்சரிக்கைப் பலகை வேண்டும். அடிவாரத்தில் வழிந்தோடும் நீரைத் தேக்கிச் சோதிக்க வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் சோதனை முடிவை ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊரறிய வெளியிட வேண்டும். இந்தக் கழிவிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் மாநில அமைச்சரவை இசைவு தந்தது. அதில் வருமானக் கணக்குக்கு முன்பாக மழைநீர்க் கணக்கு எழுதப்பட வேண்டும். அதுவரை பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து விலகி நில்லுங்கள்.