வீல் நட்டை ஏறி மிதித்து டைட் பண்ணலாமா? டார்க் கணக்கு சொல்வது என்ன?

பஞ்சர் ஒட்டி முடிந்ததும் பல கடைகளில் நடப்பது இதுதான்: நட்டில் வீல் ஸ்பேனரை மாட்டி, மேலே ஏறி ஒரு மிதி. ‘நல்லா டைட் பண்ணியாச்சு சார், கழலவே கழலாது’ என்பார்கள். அந்த மிதி எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும், பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த கணக்குதான்.

நட்டைத் திருப்ப விசை மட்டும் போதாது. நட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் அழுத்துகிறோம் என்பதும் முக்கியம். தூரம் × விசை × சைன் கோணம்: இதுதான் டார்க். பாடப்புத்தகத்தில் ‘திருப்பு விசை’.

சிறிய கார்கள் பலவற்றுக்குத் தேவை சுமார் 100 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் 400 நியூட்டன், அதாவது 40 கிலோ எடை போதும். 60 கிலோ ஆள், படுக்கை வாக்கில் இருக்கும் ஸ்பேனரில் ஏறி நின்றால்? 0.25 × 600 = 150. பைப் சொருகி நீளத்தை 75 செ.மீ. ஆக்கினால் 450! ஸ்பேனர் செங்குத்தாகத் தூக்கி நின்று, அதற்கும் அவர் எடைக்கும் இடையே 30 டிகிரிதான் என்றால் வெறும் 75.

அளவு மீறினால் மரை கெடும், போல்ட் முறியும். குறைந்தால் நட்டு தளரும். எப்படியானாலும் ஓட்டத்தில் சக்கரம் கழலும் ஆபத்து உண்டு.

கழற்றும்போது மிதிக்கலாம், இறுக்கும்போது வேண்டாம். உங்கள் காருக்கான அளவு ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அடுத்த முறை ‘டைட்டா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘டார்க் ரெஞ்ச் இருக்கா அண்ணே?’ என்று கேளுங்கள்.