இரு பெயரும் ஒரு குரலும்

புலவன் இறப்பினும் அவன் ஏடு எஞ்சும். சிற்பி இறப்பினும் அவன் சிலை எஞ்சும். பாடினவர் இறப்பின் எஞ்சுவது யாதுமில்லை. பன்னெடுங்காலம் இசை வல்லார்க்கு இதுவே விதியாய் இருந்தது. இசைத்தட்டு என்னும் கருவி தோன்றிய பின்னரே இவ்விதி தளர்ந்தது. அங்ஙனம் தளர்ந்தமையால் நமக்கு வாய்த்த செல்வங்களுள் ஒன்று, உருது கஸல் பாடிய பேகம் அக்தரின் குரல். அவ்வம்மையார் மறைந்தது 1974ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள். அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் அவர் பாடல்களைக் கேட்டு நெஞ்சம் உருகுவார் எண்ணிலர். அக்குரலைப் புகழ்வார் பலராக, அதனை ஆக்கித் தந்த வாழ்வை மதிப்பார் சிலராகவே உளர். குரலைக் கொண்டு, குரலின் பிறப்பிடத்தை இகழ்தல் நேர்மையாகுமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள்.

அவத் நாட்டு நவாபுகளின் பழைய தலைநகர் பைசாபாத். 1775ஆம் ஆண்டில் நவாப் ஆசப்-உத்-தௌலா தம் அரசிருக்கையை லக்னோவுக்கு மாற்றியபின் அந்நகரின் பொலிவு குன்றிற்று; எனினும் பாட்டும் கவிதையும் அதனை விட்டு அகலவில்லை. அவ்வூரில் 1914ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் பிறந்தவர் அக்தரி. தாயார் முஷ்தரி பாய், தவாயிஃப் எனப்படும் ஆடல் பாடல் மகளிர் மரபினர். தந்தையார் அஸ்கர் ஹுசைன் என்னும் வழக்கறிஞர். அவர் முஷ்தரியை இரண்டாம் மனைவியாகக் கொண்டு, பின்னர்த் தாயையும் மக்களையும் கைவிட்டார். அக்தரியுடன் இரட்டையாய்ப் பிறந்த சோஹ்ரா குழந்தைப் பருவத்திலேயே மாண்டாள். எஞ்சிய தாய்க்கும் மகளுக்கும் ஊன்றுகோலாய் நின்றது இசை ஒன்றே.

அவ்விசையை அக்தரி எளிதிற் பெற்றாரல்லர். பாட்னாவைச் சேர்ந்த சாரங்கி வித்துவான் இம்தாத் கான், பாட்டியாலா மரபினராகிய அதா முகம்மது கான், கிரானா மரபின் பெருந்தூண்களுள் ஒருவராகிய அப்துல் வகீத் கான் ஆகிய ஆசிரியர்களிடம் முறையே பயின்றார். கிரானா மரபோ சுரசுத்தத்திற்குப் பேர்போனது. ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் இடத்தில் அசையாது நிறுத்துவதையே தலையாய நெறியாகக் கொண்டது. 1934ஆம் ஆண்டு பீகாரில் நேர்ந்த பெரும் பூகம்பத்தில் துன்புற்றார்க்குப் பொருள் திரட்டுவதற்காக நடந்த கச்சேரியில் அக்தரி பாடக்கேட்டு, கவியரசி சரோஜினி நாயுடு வியந்து பாராட்டினார். கல்கத்தாவின் மெகஃபோன் கம்பெனியார் வெளியிட்ட இசைத்தட்டுகள் ‘அக்தரி பாய் பைசாபாதி’ என்னும் பெயரை வடநாடெங்கும் பரப்பின. 1942ஆம் ஆண்டில் மெஹபூப் கான் எடுத்த ‘ரோட்டி’ முதலிய படங்களிலும் அவர் நடித்துப் பாடினார்.

இனி, அவர் கைக்கொண்ட கஸல் என்னும் பாவகையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். தானே தனித்து நின்று பொருள் நிரம்பும் செய்யுளை நம் அணிநூலார் முத்தகம் என்பர். கஸலின் ஒவ்வோர் ஈரடியும் அத்தகைய முத்தகமே. அதற்கு ஷேர் என்று பெயர். ஓர் ஈரடி காதலைக் கூற, அடுத்தது உலக நிலையாமையைக் கூறலாம். பொருளால் வேறுபட்ட இம்முத்துக்களைக் கோக்கும் நூல் ஓசையேயாம். எல்லா அடிகளும் ஒரே சந்தத்தில் நடக்கும். முதல் ஈரடியில் இரண்டடிக்கும், பின்வருவனவற்றில் இரண்டாம் அடிக்கு மட்டும், ஒரே சொல்லோ தொடரோ இறுதியில் வரும், அஃது ரதீஃப். அதன் முன்னர் நிற்கும் ஒத்த ஓசை காஃபியா. நம் இயைபுத் தொடை ஈரடுக்காய் வந்தாற் போல்வது என்று கொள்க. இறுதி ஈரடியிற் கவிஞர் தம் பெயரைப் பெய்வதும் உண்டு. நம் கீர்த்தனக்காரர் முத்திரை வைப்பதை ஒக்கும்.

இப்பாவைப் பாடுவோர்க்குப் பொறுப்பு பெரிது. முதலடி ஒரு வினாவைப் போல் நிற்கும். கேட்போர் விடைக்காக ஏங்குவர். பாடுவோர் அவ்வடியை மீண்டும் மீண்டும் எடுத்து, ஒருகால் ஒரு சொல்லை அழுத்தியும், மறுகால் வேறொரு சொல்லை நெகிழ்த்தும், அவ்வேக்கத்தை வளர்ப்பர். பின் இரண்டாமடி வந்து இயைபிற் சென்று முடியும்போது அவை ‘ஆ’வென்று ஆர்க்கும். இம்முறையிற் சங்கதிகள் மிகுந்தாற் சொல் மறையும். குறைந்தால் இசை வறளும். பேகம் அக்தர் இவ்விரண்டிற்கும் நடுவே நின்றவர். மீர், காலிப், மோமின் ஆகிய பழம் புலவர்களின் சொற்களும், ஜிகர் மொராதாபாதி, ஷகீல் பதாயூனி, கைஃபி ஆஜ்மி ஆகிய தம் காலத்துக் கவிஞர்களின் சொற்களும் அவர் நாவில் ஓரெழுத்தும் சிதையாது வெளிப்பட்டன. ஆர்மோனியத்தைத் தாமே மீட்டிக்கொண்டு அவர் பாடுகையில், உருது அறியாதாரும் எச்சொல்லிற் கவிஞன் தன் துயரை வைத்தான் என்பதை உணர்ந்துகொள்வர்.

அக்குரலின் தனிச்சிறப்பு யாது? மேற்சுரத்தை நோக்கி எழும்போது ஓரோவிடத்து அது மெல்லென உடையும். நிறைகுடத்தின் விளிம்பில் ஒரு துளி தளும்பினாற்போல, கணப்பொழுதுக்கு ஒலி இரண்டாய்ப் பிளந்து, மீண்டும் ஒன்றாய்க் கூடும். இசையிலக்கணம் மட்டும் கற்றார் இதனைக் குற்றம் என்னலாம். இரசிகர்களோ அவ்விடத்திற்கென்றே செவி சாய்த்துக் காத்திருந்தனர். இலக்கணத்தார் கூற்றை ஆராய்வோம். குரல் ஆற்றாமையால் உடைவதாயின், எளிய இடத்தும் அரிய இடத்தும் ஒருபடித்தாய் உடைதல் வேண்டும். இவர் குரலோ பெரும்பாலும் சொல்லின் துயரம் தாங்கொணாததாகும் இடத்தே உடைகிறது. உடைந்த மறுகணமே சுருதியிற் பிசகாது வந்து நிற்கிறது. சுரத்தை அசையாது நிறுத்தப் பயின்றவர்க்கே அதனைச் சிறிது அசையவிட்டு மீட்கும் துணிவு உண்டாகும். இதனை அறியாது, உடைவை மட்டும் போலி செய்து பாடுவார் கேட்போரை வருத்துவரேயன்றி உருக்கமாட்டார்.

கஸலையும் டும்ரியையும் தாத்ராவையும் ‘இலேசான இசை’ என்று ஒதுக்கி, கயாலுக்குக் கீழே வைப்பதும் ஒரு வழக்கம். இவ்வழக்கம் எமக்கு உடன்பாடன்று. இராகத்தை ஒரு மணி நேரம் விரித்தல் ஒரு வன்மை. ஈரடியிற் கவிஞன் அடக்கிய பொருளைச் சிதையாமல் மூன்று நிமிட இசைத்தட்டில் உயிர்ப்பித்துக் காட்டுதல் வேறொரு வன்மை. கடலின் அகலத்தைக் கொண்டு கிணற்றின் தண்மையை அளத்தல் கூடுமோ?

இத்துணைப் பெருமை வாய்ந்த குரல் ஒருகாலத்து ஊமையாயிற்று. 1945ஆம் ஆண்டில் அக்தரி, லக்னோவின் பாரிஸ்டர் இஷ்தியாக் அகமது அப்பாசியை மணந்தார். உயர்குடி மனையில் இல்லாளாய் அமர்தற்கு அவர் கொடுத்த விலை பாட்டு. ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலம் அவர் பாடவில்லை. உள்ளத்தை வாட்டிய அத்துயர் உடலையும் வாட்டிற்று. பாட்டே மருந்து என மருத்துவர் கூறக் கணவரும் இசைந்தார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றிற் கூறப்படுவது. 1949ஆம் ஆண்டு லக்னோ வானொலி நிலையத்தில் அவர் மீண்டும் பாடினார். அன்று தொட்டு உலகம் அறிந்த பெயர் ‘பேகம் அக்தர்’. 1958ஆம் ஆண்டில் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ என்னும் வங்கப் படத்திலும் தோன்றிப் பாடினார். 1968இல் பத்மஸ்ரீ விருதும், 1972இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், மறைவுக்குப் பின் 1975இல் பத்மபூஷண் விருதும் அப்பெயர்க்கே வந்தன.

‘பாய்’ என்பது ‘பேகம்’ ஆனது ஒரு பெண்ணின் திருமணச் செய்தி மட்டுமன்று. ஒரு காலத்தின் மனப்பான்மையும் அதில் அடங்கியுள்ளது. ஒருகால் லக்னோவின் தவாயிஃப்கள் மொழிக்கும் நன்னடைக்கும் இலக்கணமாய் விளங்கினர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அவையடக்கம் கற்க அவர்பாற் செல்வதுண்டு. 1858ஆம் ஆண்டு முதல் 1877ஆம் ஆண்டு வரையிலான அந்நகர வரிப் பதிவேடுகளில், மிகுந்த வரி செலுத்தினோர் வரிசையில் அவர்கள் பெயர்கள் காணப்படுகின்றன. 1902ஆம் ஆண்டு இந்நாட்டில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கியபோது துணிந்து முன்வந்து பாடியவர்களும் கௌஹர் ஜான் போன்ற இம்மரபு மகளிரே. ஆயினும் நவாபுகள் வீழ்ந்து ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்த பின் இவர்களின் மதிப்பு நாளடைவிற் சரிந்தது. 1940களில் அகில இந்திய வானொலி, ஒழுக்கத்தைக் காரணங்காட்டி இம்மரபுப் பாடகியர்க்குத் தன் வாயிலை அடைத்தது. பலர் ‘பாய்’ என்னும் பெயரைக் களைந்து ‘தேவி’ என்றும் ‘பேகம்’ என்றும் தம்மை அழைத்துக்கொண்டனர்.

இவ்விடத்திற் கிறிஸ்தவக் கலாசாலையைச் சார்ந்த நாம் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. 1890களிற் சென்னையில் எழுந்து பிற மாகாணங்களிலும் பரவிய ‘நாட்ச்’ எதிர்ப்பு இயக்கத்தில் இந்துச் சீர்திருத்தக்காரர்களோடு மிஷனரிமாரும் முன்னின்றனர். அவர்கள் நோக்கம் தூயது. செல்வர்தம் இச்சைக்குப் பெண்மக்கள் இரையாதலைத் தடுக்கவே அவர்கள் எழுந்தனர். அம்மரபில் துன்பம் இருந்தது என்பதை யாமும் மறுக்கவில்லை. முஷ்தரி பாய் கைவிடப்பட்ட கதையே அதற்குச் சான்று. எனினும், பிணியை நீக்கப் புகுந்தவர்கள் பிணியாளரையே இகழத் தொடங்கியது பெரும் பிழை. கைவிட்டுப் போன ஆடவர்க்கு வாராத இழிவு, கைவிடப்பட்ட பெண்டிர்க்கு வந்தது. சபையில் இருந்து கேட்டவர் கண்ணியவான். சபையில் இருந்து பாடியவள் கண்ணியமற்றவள். இஃது எந்த நீதி நூலுக்கு ஒக்கும்? பின்னர் அவர்தம் பாட்டு மட்டும் கச்சேரி மண்டபங்களுக்கும் கலாசாலைகளுக்கும் கொண்டுவரப்பட்டது. அதனைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்த மகளிரின் பெயர்கள் வாயிற்புறத்தே நின்றுவிட்டன.

பேகமாய் ஆனபின் அக்தர் புதிதாய்க் கற்ற குரல் ஒன்றுமில்லை. பைசாபாத்திற் பிறந்து, கைவிடப்பட்ட தாயின் அருகே வளர்ந்து, கடுமையான ஆசிரியர்களிடம் தேர்ந்து, அக்தரி பாயின் கண்டத்தில் முதிர்ந்த குரலே பேகத்தின் கண்டத்திலும் ஒலித்தது. ஆகவே, பேகத்தைப் போற்றுவார் பாயையும் போற்றக் கடவர். விருதுகள் அடைந்த பிற்பாதி வாழ்வை மட்டும் எடுத்துக்கொண்டு முற்பாதியை நாணத்தோடு மறைப்பார், கனியை உண்டு வேரை வெறுப்பாரேயாவர்.

அகமதாபாத்தில் உயிர் நீத்த அவர் உடல் லக்னோவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தாக்கூர்கஞ்ச் பகுதியில் தாயாரின் கல்லறைக்கு அருகே அடக்கஞ் செய்யப்பட்டது. நெடுநாள் கவனிப்பாரின்றிக் கிடந்த அவ்விடம் 2012ஆம் ஆண்டிற் செப்பனிடப்பட்டது. மகள் பேகம், தாய் பாய். இருவரும் அங்கே அருகருகே துயில்கின்றனர். உலகம் பிரிக்க முயன்ற இரு பெயர்களும் அந்நிலத்தில் ஒன்றாகிவிட்டன. அவர் கலை சாந்தி ஹிரானந்த், ரீதா கங்குலி முதலிய மாணவியர் வாயிலாகத் தழைத்தது. அவர்பால் பேரன்பு பூண்டிருந்த காஷ்மீரக் கவிஞர் ஆகா ஷாகித் அலி, அவர் நினைவாய் ஆங்கிலத்தில் இரங்கற்பா ஒன்று பாடியதோடு, ஆங்கிலக் கவிதையில் கஸலின் இலக்கணம் வழுவாது வேரூன்றவும் பின்னாளிற் பாடுபட்டார். ஒரு குரல் மொழியெல்லையைக் கடந்து ஒரு யாப்பையே சுமந்து சென்றது எனின் அதன் வலிமையை என்னென்பது!

இன்று கஸல் கேட்க விரும்பும் மாணவ நண்பர்கள் பேகம் அக்தரின் பாடல்களில் ஒன்றை அமைதியாயிருந்து கேட்பாராக. குரல் உடையும் இடம் வரும்போது, அழகிது என்று வியப்பதோடு நின்றுவிடாமல், பாடுவதற்காகவே பழிக்கப்பட்ட எத்தனையோ மகளிரை ஒரு கணம் எண்ணுவாராக. அவர்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன் பெரிது. அதனை ஒப்புக்கொள்வதே அதனைத் தீர்க்கும் வழியின் முதற்படி.